நூற்றுக்குப் பத்தாக வந்தவன்

மஸ்கட்டிலிருந்து திரும்பிய திருமூர்த்தி எங்கள் களத்துத் தராசில் ஏறி நின்றபோது ஆறு கிலோ இருந்தான். ஆள் முழுசாகத்தான் வந்திருந்தான். மீசை, தோள், சின்ன வயசில் தென்னை மட்டை கீறிய புருவத் தழும்பு, எல்லாம் போன மாதிரியே திரும்பியிருந்தன. எடை மட்டும் வரவில்லை. தராசைக் குறை சொல்ல வேண்டாம், அது என் பொறுப்பு. ஐம்பது கிலோப் படிக்கல்லை ஏற்றினேன், ஐம்பது காட்டியது. இறக்கிவிட்டு அவனை ஏற்றினேன், ஆறு காட்டியது.

காங்கேயத்துக்குத் தெற்கே காற்றாலைகள் வரிசையாக நிற்கும் மேட்டில் இருக்கிறது கருப்பணனின் கொப்பரைக் களம். உடைத்த தேங்காய் அங்கே வெயிலில் கிடந்து காய்ந்து பருப்பாகும், பருப்பு மூட்டையாகும், மூட்டை தராசுக்கு வரும். ஊரில் பாதிப்பேருக்கு அதுதான் பிழைப்பு. களத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வெளியூர் போனாலும், யாரைக் கட்டிக்கொடுத்தாலும், கிளம்புகிற அன்று தராசில் ஏற்றி, எடையைத் தராசு அறைச் சுவரில் எழுதி வைப்போம். திரும்பி வந்ததும் மறுபடி ஏற்றி, போன இடத்துச் சோறு ஒட்டியதா இல்லையா என்று கேலி பேசுவோம். திருமூர்த்தி கிளம்பிய அன்று அவன் பெண்டாட்டி நாகமணி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். பயல்கள் சும்மா இருப்பார்களா? குழந்தையை வாங்கிக்கொண்டு அவளையும் ஏற்றிவிட்டார்கள். சுவரில் இன்னும் இருக்கிறது. திருமூர்த்தி அறுபது. அதற்குக் கீழே நாகமணி நாற்பத்தெட்டு.

அந்தக் கைக்குழந்தை, கனிஷ்கா, இப்போது அஞ்சாம் வகுப்பு.

ஆறு கிலோ என்றதும் களத்துக்காரர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. காய்ந்துவிட்டான். பச்சைத் தேங்காயை வெயிலில் போட்டால் பாதி எடை போகிறது, அந்த ஊர் வெயிலில் மனுசனைப் போட்டால் முக்கால் போகாதா என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது அதுதான். வேறு ஊராக இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். நாங்கள் அவனை ஈரச் சாக்கில் சுற்றி வேப்பமர நிழலில் கிடத்தி, சாக்கு காயக் காயத் தண்ணீர் ஊற்றினோம், அவனும் பேசாமல் கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், சாயங்காலம் தராசில் ஏற்றினால் ஒன்பது கிலோ. கைதட்டினார்கள். மறுநாள் வெயில் ஏறி அவன் சட்டையும் தலைமுடியும் உலர்ந்ததும் மறுபடி ஆறு. ஊறிய எடை நிற்காது. அது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"மிச்சம் அங்கயே தங்கிருச்சாப்பா?" என்று கேட்டேன்.

"கொண்டுபோன மாதிரியே தெரியலீங்க மாமா" என்றான்.

அதற்கப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்டது. பஸ் கண்டக்டர் இவனுக்கு முழு டிக்கெட் போடுவதா, மூட்டைக்குப் போடுவது மாதிரிப் போடுவதா என்று கொஞ்சநாள் யோசித்து, கடைசியில் நாகமணியின் மடியில் உட்கார்ந்தால் டிக்கெட்டே வேண்டாம் என்று சொல்லி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ரேஷன் கடை மிஷின் அவன் விரலை ஒப்புக்கொள்ளவில்லை. நாய்கள் அவனைப் பார்த்துக் குரைக்கவில்லை, குரைக்க அங்கே ஆள் இருப்பதாக அவற்றுக்குத் தோன்றவில்லை போல. ஓட்டுக் கேட்க வந்தவர்கள் இவனுக்கு ஒரு கும்பிடு போடுவதா, அதிலும் பத்தில் ஒன்று போடுவதா என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரிப்பெல்லாம் டீக்கடையோடு சரி. காற்று வந்தால் எல்லோரும் மேற்கே பார்த்தார்கள். எங்கள் மேட்டில் ஆனி பிறந்தால் காற்று கிளம்பும். ஆடி பிறந்தால் ஓட்டைப் பெயர்க்கும், தகரத்தைப் பெயர்க்கும், மூட்டை கட்டாத பருப்பைக் கிழக்கே பக்கத்து ஊர் வரைக்கும் கொண்டுபோகும். ஆறு கிலோ ஆளை என்ன செய்யும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாகமணி அவன் சட்டைப் பையில் கல்லைப் போட்டாள், இடுப்பில் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டாங்குச்சியிலிருந்து பருப்பு நோண்டினாள். பேசவில்லை. அவன் வந்ததிலிருந்தே அவள் அதிகம் பேசவில்லை.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இது விளங்காது.

அஞ்சாம் வகுப்புக்குத் திலகமணி டீச்சர். தாராபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் பொண்ணு. சத்தமாகப் பேசும், சாக்பீஸை உடைத்து உடைத்து எழுதும். சதவீதம் நடத்த ஆரம்பித்து, அது குழந்தைகளின் மண்டையில் ஏறாமல், அந்தப் பொண்ணு தொண்டை கட்டிப் போயிருந்தது. கட்டம் கட்டமாக நூறு கட்டம் வரைந்து பத்துக் கட்டத்துக்குப் பச்சை அடிக்கச் சொன்னால் அழகாக அடித்தார்கள், இருநூறு கிலோவில் பத்து சதவீதம் எவ்வளவு என்று கேட்டால், "பச்சையா, காஞ்சதாங்க டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டார்கள். களத்துக் குழந்தைகள். நூற்றுக்கு இத்தனை என்று அவர்கள் வீட்டில் பேசினால் அது காயும்போது போகிற எடை, வேறெதுவும் இல்லை. எண்ணைச் சொன்னால் அதில் பாதியைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னார்கள். எதில் நூறு, எதற்குப் பத்து என்று அந்தப் பொண்ணு தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தது.

ஒருநாள் கரும்பலகையில் எழுதி, அறுபதில் பத்து சதவீதம் என்ன என்று கேட்டபோது, கடைசி வரிசையிலிருந்து கனிஷ்கா எழுந்து நின்றாள்.

"எங்கப்பாங்க டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லையாம். டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு, வகுப்பு முழுவதையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு நேரே தராசு அறைக்கு வந்துவிட்டது. அப்பாவைத் தராசில் நிறுத்தி, சுவரில் இருந்த அறுபதைக் காட்டி, சிவப்பு எழுத்தில் எரிந்த ஆறைக் காட்டி, "அறுபதை நூறு பங்காப் பிரிச்சா ஒரு பங்கு எவ்வளவு?" என்று கேட்டது. பச்சையா காய்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. திருமூர்த்தி பச்சையும் இல்லை, காய்ந்ததும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாயில் விரலை வைத்துக்கொண்டு ஒருத்தன் சொன்னான், அறுநூறு கிராம் என்று.

அப்படித்தான் பைகள் வந்தன. பழைய யூனிபார்ம் துணியைக் கத்தரித்து நூறு பைகள் தைத்தார்கள். அம்மாக்கள் தைத்தது பாதி, நாகமணி ஒருத்தியே தைத்தது பாதி. ஒவ்வொரு பையிலும் அறுநூறு கிராம் ஆற்றுமணல், என் தராசில் நிறுத்தது, ஒரு கிராம் கூடினாலும் கொட்டச் சொல்லிவிடுவேன். நூறு பையையும் களத்து சிமெண்டுத் தரையில் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை அடுக்கினார்கள். அதுதான் திருமூர்த்தி. அதில் முதல் வரிசை அவனிடம் இருக்கிறது, எடுத்துத் தள்ளி வை என்றது டீச்சர். மிச்சம் தொண்ணூறு பையை அவன் சட்டையிலும் வேட்டியிலும் முதுகிலும் வரிசையாகக் கோத்துக் கட்டினோம். எழுந்து நின்றான். இரண்டடி நடந்தான். நடை பழைய நடையாகவே இருந்தது, கால் தரையில் பதிந்தது, பழைய மாதிரி இடதுகாலைக் கொஞ்சம் இழுத்து வைத்தான். நாகமணி அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, அது மணலின் சத்தம் என்று நினைவு வந்ததும் மறுபடி குனிந்து பருப்பு நோண்டினாள். அவள் நோண்டியதில் அன்றைக்கு நிறைய உடைசல்.

எடை எப்படி ஏறும் என்பதைக் கண்டுபிடித்தது யாரும் இல்லை. தானாக நடந்தது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து அவனைத் தராசில் நிறுத்தி, நான் பைகளின் எடையைக் கழித்துவிட, கணக்குப் பார்ப்பார்கள். கனிஷ்கா பக்கத்தில் நின்று வளவளவென்று பேசுவாள். தன் முதல் பல் விழுந்த கதையைச் சொன்னாள்: சாணி உருண்டையில் பல்லை வைத்து வீட்டு ஓட்டின் மேல் எறிய வேண்டும், அப்பாதான் எறிய வேண்டும் என்று இவள் அடம்பிடித்து, அப்பா வரும்வரை இருக்கட்டும் என்று பல்லைத் தீப்பெட்டியில் வைத்து, அது எங்கேயோ தொலைந்து, இவள் அழுது, இன்னொரு பல் முளைத்தே விட்டது. அவன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்தபோது தராசு ஆறு கிலோ அறுநூறு காட்டியது.

பிள்ளைகள் ஒரே குரலில் பதினொன்று என்றார்கள். கனிஷ்கா ஒரு பையை அவன் தோளிலிருந்து அவிழ்த்தாள்.

போனில் பேசவில்லையா என்று கேட்பீர்கள். பேசினார்கள், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பேசினார்கள். நல்லாயிருக்கோம் என்று இவர்கள் சொன்னார்கள், நல்லாயிருக்கேன் என்று அவன் சொன்னான். நாங்களும் யாராவது போனைக் கையில் கொடுத்தால் அதையே சொன்னோம். அந்தச் சொல்லுக்கு எடை கிடையாது. அதை நான் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம் ஊரே வந்தது. அவன் இல்லாதபோது நடந்தது எதுவோ, அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டது எதுவோ, அதைச் சொன்னால் எடை ஏறியது. டீக்கடைச் சென்னிமலை வந்து, திருமூர்த்தியின் செவலை நாய் அவன் போனதிலிருந்து பஸ் நிறுத்தத்திலேயே படுத்துக் கிடந்ததையும், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து நின்று படிக்கட்டைப் பார்த்ததையும், தான்தான் அதற்குப் பன்னு போட்டதையும், கடைசியில் தானே அதைப் புதைத்ததையும் சொல்லி, சொல்லும்போது கடைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கிலோ ஏறியது. மூன்று சதவீதமும் கொஞ்சமும் என்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள். கருப்பணன் கிணறு வற்றியதைச் சொன்னார். எதிர்வீட்டுக்காரி இவன் போன வருஷம் தான் அவர்கள் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதைச் சொல்லிவிட்டுப் போனாள், அதற்கும் ஏறியது. அவனுடைய பங்காளி ஒருத்தன் வந்து, உன்னை நினைக்காத நாளில்லை என்று உருகினான். தராசு அசையவில்லை. தராசு ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டே போனான்.

சொன்னவர்களுக்கு உடம்பு லேசானது. சென்னிமலைக்கு முட்டிவலி விட்டது. அவன் எடை மஸ்கட்டில் தங்கவில்லை, இங்கே எங்களிடம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடந்திருக்கிறது என்று அப்போது எங்களுக்கு விளங்கியது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருக்கிறதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பன்னிரண்டு கிலோ ஆனபோது இருபது சதவீதம், பதினைந்து ஆனபோது இருபத்தைந்து என்று அவனை வைத்தே பிள்ளைகள் படித்தார்கள். முப்பதைத் தொட்ட அன்று, ஐம்பது சதவீதம் என்றால் பாதி என்று அதுவரை எழுதாத பையன்கூட எழுதினான். டீச்சர் எல்லோருக்கும் தேங்காய் மிட்டாய் கொடுத்தது. களத்துத் தரையில் பைகள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்தன. முப்பத்தாறு கிலோவில் நின்றது. அறுபது பை இந்தப் பக்கம், நாற்பது பை அவன் உடம்பில். ஊரில் சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது. சிலர் இரண்டாம் தடவை வந்து சொன்னதையே சொல்லிப் பார்த்தார்கள், ஏறவில்லை. அதற்குமேல் ஒரு பைகூட நகரவில்லை, ஆனி முடிந்துகொண்டிருந்தது.

எல்லோரும் நாகமணியைப் பார்த்தார்கள். சாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். கருப்பணன் பெண்டாட்டி நேராகவே கேட்டாள். நாகமணி பருப்பிலிருந்து தலையை எடுக்காமல், "எனக்கென்னுங்க்கா, நான் நல்லாத்தான் இருந்தேன்" என்றாள்.

ஆனி கடைசியில் ஒரு மத்தியானம் ஆடிக் காற்று முன்கூட்டியே வந்துவிட்டது. அதற்குப் பஞ்சாங்கம் தெரியுமா? பழைய யூனிபார்ம் துணி, துவைத்துத் துவைத்து நைந்த துணி. திருமூர்த்தி களத்தின் நடுவில் காயும் பருப்பின் மேல் படுதாவை இழுத்து மூடிக்கொண்டிருந்தபோது முதுகுப் பைகள் தையல் விட்டு, மணல் கோடு கோடாக ஒழுகி, காற்றில் புகையாகப் போனது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கால் தரையை விட்டது. படுதாவோடு சேர்ந்து ஆள் உயரத்துக்கு எழும்பினான். கத்தவில்லை. எங்கேயோ போய்ப் பழகியவன் மாதிரிப் போனான், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நாகமணி ஓடிவந்து அவன் கணுக்காலைப் பிடித்தாள். காற்று இழுத்தது. படுதா கப்பல் பாயாகப் புடைத்து இழுத்தது. களத்தின் ஓரத்தில் கருப்பணனின் மொபெட் சாய்ந்து தரையில் தேய்ந்துகொண்டு போனது. நாங்கள் ஆளுக்கொரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். அவள் ஒன்றையும் பிடிக்கவில்லை. அவன் காலை மட்டும் பிடித்துக்கொண்டு, கன்னம் ஒட்டிப்போய் தோள் எலும்பு துருத்திய அந்தப் பொம்பளை, சிமெண்டில் நட்ட கல் மாதிரி, ஒரு விரல் அகலம்கூட நகராமல், காற்று ஓயும்வரை நின்றாள்.

காற்று ஓய்ந்ததும் அவனை இறக்கி, மிச்சப் பைகளை அவிழ்த்து உட்காரவைத்தோம். நான் அவளிடம் போனேன். "தராசுல ஏறு" என்றேன்.

"எனக்கெதுக்குங்க?"

"ஏறு சாமி. சும்மா ஏறு."

ஏறினாள். எழுபத்திரண்டு.

டீச்சரும் பிள்ளைகளும் ஓடிவந்து வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். சுவரைப் பார்த்தார்கள், நாற்பத்தெட்டு. தராசைப் பார்த்தார்கள், எழுபத்திரண்டு. ஒருத்தன், இது நூறுக்கு மேலே போகிறது, சதவீதம் நூறோடு நின்றுவிடும் என்று சொன்னான். நிற்காது என்றது டீச்சர். தான் கொண்டுவந்ததைவிட அதிகமாகச் சுமக்கிற ஆளுக்கு நூறுக்கு மேலே போகும் என்றது. சத்தமாகப் பேசுகிற பொண்ணு, அன்றைக்கு மெதுவாகச் சொன்னது.

கனிஷ்கா யாரிடமும் கேட்காமல் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள். அப்பாவுக்கு இன்னும் வர வேண்டியது இருபத்துநாலு கிலோ. அம்மாவிடம் கூடுதலாக இருப்பது இருபத்துநாலு கிலோ. அது வரைக்கும் எல்லோருமே பார்த்துவிட்டோம். அவள் அதோடு விடவில்லை. அப்பாவுக்கு ஒரு பங்கு அறுநூறு கிராம், ஆக நாற்பது பை. அம்மாவுக்கு நாற்பத்தெட்டை நூறாகப் பிரித்து, ஒரு பங்கு நானூற்றி எண்பது கிராம் என்று எழுதி, நாக்கைக் கடித்துக்கொண்டு வகுத்தாள். விடையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரே எடைதாங்க டீச்சர். அப்பாவுக்கு நாப்பது. அம்மாவுக்கு அம்பது."

திருமூர்த்தி தரையில் இருந்த அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பச்சையா காய்ந்ததா என்று கேட்ட பிள்ளைகள்தான் இதைக் கண்டுபிடித்தது; எதில் நூறு என்று இந்த வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கேட்ட டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தது.

"நாகு" என்றான் அவன். "எனக்கு வர வேண்டியதை நீ எதுக்குப் புள்ள வெச்சிருக்கற?"

அவள் தராசிலிருந்து இறங்கினாள். அவனைக் கையைப் பிடித்துத் தராசில் ஏற்றினாள். பிள்ளைகளை வெளியே அனுப்பலாமா என்று டீச்சர் என்னைப் பார்த்தது. நாகமணி இருக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டாள். பிறகு சுவரில் எழுதியிருந்த அறுபதைப் பார்த்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், சொன்னாள்.

அவன் அம்மா செத்தது அவனுக்குத் தெரியும். தூக்கத்திலேயே போய்விட்டார்கள், நல்ல சாவு என்று நாகமணி போனில் சொல்லியிருந்தாள், நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அப்படிப் போகவில்லை. கண்ணில் பூ விழுந்து பார்வை போன அந்தக் கிழவி, சோறு தண்ணி இறங்காமல், மகன் எங்கே மகன் எங்கே என்று வாசல் பக்கமே முகத்தைத் திருப்பிக் கிடந்திருக்கிறாள். இவனுக்கு லீவு கிடைக்காது என்று இவளுக்குத் தெரியும். சொன்னால் அங்கே கிடந்து தவிப்பான் என்றும் தெரியும். ஒரு விடியக்காலம் இவள் பெட்டியிலிருந்து அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, தெருவில் இறங்கி, இடதுகாலை இழுத்து வைத்து நடந்து, வாசப்படியில் நின்று, குரலைத் தடிப்பாக்கிக் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஆத்தா, வந்துட்டேன்னு சொன்னனுங்க. உங்க கொரலு எனக்கு வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு தெரியல. கிட்டப் போயி உக்காந்தேன். சட்டையத் தடவுனாங்க. கையத் தடவுனாங்க. எளச்சுப் போயிட்டியே சாமின்னாங்க. அத்தோட சரி, போயிட்டாங்க."

தராசில் சிவப்பு எண் ஓடியது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எங்கே பார்ப்பது. முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து. அவன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான், தராசுத் தகடு அவன் காலடியில் கிறீச்சிட்டது, அந்தச் சத்தத்தை அவன் வந்த நாளிலிருந்து நாங்கள் கேட்டதில்லை.

"அன்னைலருந்து" என்றாள், "அந்தச் சட்டையக் கழட்டின மாதிரியே இல்லீங்க."

நாற்பத்தெட்டில் நின்றது.

கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவுதான் என்கிற மாதிரிக் கீழே சிந்திக் கிடந்த மணலைக் காலால் ஒதுக்கினாள். ஏற்றிப் பார்த்தேன், அவள் அறுபது இருந்தாள். இன்னும் பன்னிரண்டு கிலோ அவளிடம் இருந்தது.

"மிச்சத்தையும் சொல்லிரு சாமி" என்றேன். "ஆடி வந்துட்டு இருக்குது."

"அது எங்கிட்டயே இருக்கட்டுமுங்க" என்றாள். "அதையுங் குடுத்துட்டா அப்புறம் ஆடிக்கு நானும் பறந்துருவேன்."

அது என்ன என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை. திருமூர்த்தியும் அப்போது கேட்கவில்லை.

டீச்சர் கணக்கை முடிக்கப் பார்த்தது. அப்பா எண்பது, அம்மா நூற்றி இருபத்தைந்து. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. ரெண்டுமே நூறு வரவில்லை, கணக்கு தப்பு என்றார்கள். கனிஷ்கா மட்டும் அப்பாவை மறுபடி தராசில் ஏற்றி, அம்மாவை இழுத்துவந்து அவர் பக்கத்தில் நிறுத்தினாள். இடம் போதாது. ஒட்டி நின்றால்தான் நிற்க முடியும். எங்கள் ஊரில் புருசனும் பொண்டாட்டியும் நாலுபேர் முன்னால் அப்படி நிற்க மாட்டார்கள், நின்றார்கள். நூற்றெட்டு காட்டியது. சுவரில் இருக்கிற அறுபதையும் நாற்பத்தெட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

"நூறுங்க டீச்சர்" என்றாள்.

ஆடி வந்தது. ஓட்டைப் பெயர்த்தது, தகரத்தைப் பெயர்த்தது. கணக்குப்படி அவன் உடம்பில் கட்ட வேண்டிய பை இன்னும் இருபது, அதை அவன் கட்டிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் அடுத்த வருஷத்து அஞ்சாம் வகுப்புக்கு வேண்டும் என்று எடுத்துப்போய்விட்டார்கள். அவன் நாகமணியின் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்கு வருவான். காற்று பலமாக அடித்தால் குதிகால் தரையை விடும், விரல் நுனியில் நடப்பான், வேட்டி முழுக்கக் கிழக்கே இழுக்கும். அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பாள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், கையை மட்டும் விட மாட்டாள். டீக்கடையில் யாரும் சிரிப்பதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு பேரும் தராசு அறைக் கயிற்றுக் கட்டிலில் உட்காருவார்கள். எடை அவள் பக்கம் கூட. கட்டில் அந்தப் பக்கம் தாழ்ந்து, இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து அவள் தோளில் போய் முட்டி நிற்பான். நகர்ந்து உட்கார்ந்தாலும் மறுபடி சரிவான். சில நாள் அவன் மெதுவாகக் கேட்பது எனக்குக் காதில் விழும், அந்தப் பன்னிரண்டு கிலோ என்ன புள்ள என்று.

"இருங்க, சொல்றேன்" என்பாள்.

அவன் இருக்கிறான்.